அட்டையில் இல்லாத பெயர்கள்

பெண்களின் இசைப்பதிவுகளைத் தேடிக் கேட்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பாடகிகளுக்கு என்ன பஞ்சம்? எதைப் போட்டாலும் அவர்கள் குரல்தானே?" உண்மைதான். ஒலிப்பதிவு என்ற ஒன்று வந்த நாளிலிருந்து பெண் குரலுக்குக் குறைவு இருந்ததில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இசையில் பெண் என்றதும் பாடுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். மெட்டுப் போட்டவர் யார், கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசித்தவர் யார், ஒலிப்பதிவு அறையில் நாடாவை வெட்டி ஒட்டியவர் யார் என்று கேட்டால், பெயர் தெரியாதபோதுகூட அது ஓர் ஆணாகத்தான் இருக்கும் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. நான் தேடுவது அந்த இடங்களில் இருந்த பெண்களை.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஒரு பேஸ் கிட்டார். அமெரிக்கப் பாடகர்கள் சோனி, ஷேர் இருவரும் பாடி 1967இல் வந்த 'தி பீட் கோஸ் ஆன்' என்ற பாட்டு. பெரிய ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத மெட்டு அது. அதைத் தூக்கி நிறுத்துவது அடியில் சுற்றிச் சுற்றி வரும் அந்த பேஸ் வரிதான். அதை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. அந்த வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கேரல் கே. ஜாஸ் கிளப்புகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1957இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களுக்குள் வந்தார். 1963இல் ஒருநாள் பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல்போக, இவர் அதைக் கையில் எடுத்தார். அதன் பிறகு பத்தாயிரம் பதிவுகள்வரை வாசித்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். பீச் பாய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு ஆல்பமான 'பெட் சவுண்ட்ஸ்' பாடல்கள் பலவற்றிலும் அவர் பேஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்தவர்களின் பெயரை இசைத்தட்டின் அட்டையில் போடும் வழக்கமே கிடையாது. கோடிக்கணக்கான பேர் அவர் விரல்களைக் கேட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

ஆண் கலைஞர்கள் பெயரும்தான் போடவில்லையே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பெயரில்லாத ஆணை நாம் ஆண் என்றே நினைத்துக்கொள்கிறோம், அதில் அவருக்கு நஷ்டம் பாதிதான். பெயரில்லாத பெண்ணையும் ஆண் என்றே நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு முழு நஷ்டம்.

டெலியா டெர்பிஷையர் விஷயத்துக்கு வருகிறேன். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் சுருக்கமாக முடிக்க முடியாது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது, ஒலிப்பதிவு அறைகளில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தார். நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் தேவையான விநோத ஒலிகளைத் தயாரிக்கும் பிரிவு அது. 1963இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் ஒரு தாளில் மெட்டை எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கும் வேலை டெலியாவுடையது.

அப்போது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் கடையில் விற்கும் பொருளாக இல்லை. பல தடங்களில் பதிவு செய்யும் கருவியும் அவர்களிடம் இல்லை. ஒற்றைக் கம்பியைச் சுண்டி அந்த ஒலியை நாடாவில் பிடித்தார். சோதனைக்கூடத்தில் வைத்திருக்கும், மின்சாரத்தால் ஒலி எழுப்பும் ஆசிலேட்டரின் ஒலியைப் பிடித்தார். நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக ஒலி எடுத்தார். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் கால அளவுக்கு ஏற்ற நீளத்தில் பிளேடால் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினார். பேஸுக்கு ஒரு நாடா, மெட்டுக்கு ஒரு நாடா என்று தனித்தனியே தயாரித்து, எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சேர்த்தார்கள். எங்கேயோ ஓரிடத்தில் ஸ்வரம் பிசகியது. எந்த ஒட்டு தப்பு என்று கண்டுபிடிக்க, நாடாக்களைக் கட்டடத்தின் நீண்ட நடைவழியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப்போட்டு, ஒட்டுகளைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். இசையை இப்படித் தரையில் விரித்துச் சரிபார்த்த காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னருக்குத் தன் மெட்டுதானா இது என்று ஆச்சரியம். டெலியாவையும் இணை இசையமைப்பாளராகப் போட வேண்டும் என்று அவரே கேட்டார். பிபிசியின் விதிகள் இடம் கொடுக்கவில்லை; ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைப் போடுவதில்லை. டெலியா 2001இல் இறந்துபோனார். அந்தத் தொடரின் 50ஆம் ஆண்டு சிறப்பு நிகழ்ச்சியில், 2013இல்தான் திரையில் அவர் பெயர் முதல்முறையாக வந்தது. அவர் இறந்தபின் வீட்டுப் பரணில் 267 நாடாச் சுருள்கள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டரில் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்த முகப்பு இசையைக் கேட்கும்போது பேஸ் ஸ்வரங்களின் தொடக்கத்தில் ஒரு சின்ன வழுக்கல் வரும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கம்பியைச் சுண்டிய கை அங்கேதான் இருக்கிறது.

அந்த ஒர்க்‌ஷாப்பை 1958இல் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான டாஃப்னி ஓரமும் பெண்தான். அவர் ஒரு வருடத்துக்குள் வெளியேறி, 35 மி.மீ. திரைப்படச் சுருளில் கோடுகள் வரைந்து அவற்றை ஒலியாக்கும் இயந்திரத்தைத் தானே கட்டினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பெயர் காணாமல்போவது ஸ்டூடியோவில் மட்டும் நடப்பதில்லை. எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண், 1893இல் வட கரோலினாவில் பிறந்தவர். இடது கைப் பழக்கம். கிட்டாரைக் கம்பிகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிக்கப் பழகினார். அதனால் மற்றவர்கள் கட்டைவிரலால் அடிக்கும் கீழ்ஸ்தாயிக் கம்பிகளை இவர் விரல்களால் அடித்தார். மெட்டைக் கட்டைவிரலால் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் 'ஃப்ரெயிட் ட்ரெயின்' என்ற பாட்டைக் கட்டினார். பிறகு கல்யாணம், குழந்தை, வீட்டு வேலை என்று பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை. ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை செய்தபோது, வழிதவறிய ஒரு சிறுமியை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் சீகர் குடும்பம், நாட்டுப்புற இசையே மூச்சாக வாழ்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் வேலைக்குப் போனார். சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து ஒருநாள் வாசித்தபோதுதான் வீட்டாருக்கே விஷயம் தெரிந்தது.

அந்தச் சிறுமி பெக்கி சீகர் பெரியவளாகி இங்கிலாந்துக்குப் போனபோது இந்தப் பாட்டும் கூடவே போனது. அங்கே 1957இல் வேறொரு குழு பாடி வெற்றி பெற்றது, பாட்டின் உரிமையோ இரண்டு ஆண்களின் பெயரில் பதிவாகியிருந்தது. எழுதியவர் அப்போதும் வீட்டு வேலைதான் செய்துகொண்டிருந்தார். பிறகு சீகர் குடும்பத்தார் முயற்சியில் அவருக்கு உரிய இடம் கிடைத்தது. 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. பெக்கியின் அண்ணன் மைக் சீகர் அதைப் பெரும்பாலும் காட்டனின் வீட்டிலேயே பதிவு செய்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு கிராமி விருது வாங்கினார்.

பாட்டு கைமாறிக் கைமாறிப் போகும்போது பெயர் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று பாருங்கள். பாட்டை விரும்பிப் பாடியவர்கள் மூலமாகத்தான் அது அவ்வளவு தூரம் போனது. அந்த விருப்பத்தோடு எழுதியவர் பெயரும் சேர்ந்து போகவில்லை. பகிர்வதைப் பற்றி நான் இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வருகிறது, "செம பாட்டு, கேளுங்க" என்ற ஒரு வரியோடு. யார் பாடியது, யார் வாசித்தது, எந்த வருடம், எதுவும் இல்லை. அனுப்பியவருக்கு அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டை இசைத்தவர் அந்த நொடியிலேயே பாதி மறைந்துபோகிறார்.

பாடகி கோஹர் ஜான் இந்த ஆபத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தார்போல எனக்குத் தோன்றும். 1902 நவம்பரில் கல்கத்தாவில், கிராமஃபோன் நிறுவனத்தின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவியின் ஊதுகுழலுக்கு முன்னால் பாடினார். மூன்று நிமிடம்போலத்தான் ஒரு பக்கத்தில் அடங்கும். அதற்குள் ராகத்தைக் காட்டி, பாட்டைப் பாடி, கடைசியில் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார்: என் பெயர் கோஹர் ஜான். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகின. அங்கே இருப்பவர்களுக்கு எது யாருடையது என்று தெரிவதற்கான ஏற்பாடு அது என்பார்கள். காரணம் எதுவானாலும் விளைவைப் பாருங்கள். லேபிள் கிழிந்துபோன தட்டிலும் அவர் பெயர் இருக்கிறது, பாட்டு ஓடிய அதே பள்ளத்தில். யாராலும் கழற்ற முடியாது.

வீணை தனம்மாளுக்கு (1867–1938) அந்தக் கவலையே இல்லை, கருவியைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தார். 1930களில் அவர் கொடுத்த சில தட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. கேட்காதவர்கள் உடனே கேளுங்கள். சத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள், அது சன்னமாகக் கேட்க வேண்டிய வாசிப்பு. இரைச்சலுக்குக் காது பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு அந்த வீணை ஒன்றுதான் கேட்கும்.

நம் சங்கீதத்திலும் குரலைத் தாண்டிக் கேட்டால் ஒரு தனி உலகம் திறக்கிறது. எம்.எல். வசந்தகுமாரியின் கச்சேரிப் பதிவுகளை அவர் குரலுக்காகவே போடுகிறோம். ஒருமுறை ஏ. கன்யாகுமரியின் வயலினுக்காக மட்டும் போட்டுப் பாருங்கள். பாடகி ஒரு ஸ்வரக் கோவையை வீசிவிட்டு நிறுத்துகிற இடத்தில், வயலின் அதை அப்படியே ஏந்திக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே ஏறிவிட்டு இறங்கும். பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கே வரும் பதில் அது. சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்க வந்தபோது, பெண்ணோடு வாசிக்க மாட்டோம் என்று மிருதங்கக் கலைஞர்கள் சிலர் மறுத்திருக்கிறார்கள். அவர் பெண்களையே சேர்த்து 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற தாளவாத்தியக் குழுவைத் தொடங்கினார். வெவ்வேறு சுருதியில் பல கடங்களை வரிசையாக வைத்து அவர் வாசிப்பதைப் பதிவில் கேட்டால் அந்த மறுப்பெல்லாம் எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும்.

சரி, இவர்களை எப்படித் தேடுவது? இசைச் செயலிகள் தானாகப் போடுவதை நம்பினால் நடக்காது. பரிந்துரை முறைகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில், பட்டியலில் முதல் பெண் கலைஞர் வருவதற்கே சராசரியாக ஆறாவது ஏழாவது இடம் ஆகிறது என்று காட்டினார்கள். நாம் ஆண்களை அதிகம் கேட்கிறோம், அதனால் அது ஆண்களை அதிகம் தருகிறது, அதனால் நாம் இன்னும் அதிகம் கேட்கிறோம். அதே ஆய்வில் பட்டியலின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தபோது, நாளடைவில் கேட்பவர்களின் பழக்கமும் மாறும் என்று தெரிந்தது. எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். நம் கையால் வரிசையை மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும்தானே.

நான் செய்வது இதுதான். பிடித்த பாட்டு ஒன்று கிடைத்தால் அதோடு நிற்காமல் அதன் விவரக் குறிப்புக்குப் போகிறேன். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் வாசித்தவர், பதிவு செய்தவர் பெயர்வரை ரசிகர்களே சேகரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயரைப் பிடித்தால் அவர் வேறு எங்கெல்லாம் வாசித்திருக்கிறார் என்று வரிசையாக விரியும். ஃபோக்வேஸ் இன்னொரு புதையல். 1987இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதை வாங்கியபோது, எந்தத் தட்டையும் விற்பனையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பது நிபந்தனை. பழைய தட்டுகளோடு வந்த குறிப்புப் புத்தகங்களை அவர்கள் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பல நேரம் நான் பாட்டைவிட அந்தக் குறிப்புகளில்தான் அதிக நேரம் இருக்கிறேன். உயிரோடு இருக்கிற, தனியாகப் பதிவு செய்து வெளியிடுகிற பெண்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற விற்பனைத் தளம். அங்கே வாங்கினால் பெரும்பகுதி நேராக அவர்களுக்குப் போகிறது.

பெண்களே கூடி இந்த வேலையை எடுத்துச் செய்த காலமும் உண்டு. 1973இல் அமெரிக்காவில் ஒலிவியா ரெகார்ட்ஸ் என்ற நிறுவனத்தைப் பெண்கள் குழு ஒன்று தொடங்கியது. பாடுவது மட்டுமல்ல, வாசிப்பது, பதிவு செய்வது, விற்பது எல்லாமே பெண்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பெரிய கடைகள் இவர்கள் தட்டுகளை வாங்கத் தயாராக இல்லை. எனவே ஒவ்வொரு ஊரிலும் ஆர்வமுள்ள பெண்கள் தாங்களே விநியோகஸ்தர்களாகி, புத்தகக் கடைகளிலும் கச்சேரி வாசல்களிலும் விற்றார்கள். கிரிஸ் வில்லியம்சனின் 1975ஆம் ஆண்டு ஆல்பம் அப்படியே லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்வதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தப் பலத்துக்கு இன்னொரு கதை. கானி கான்வர்ஸ் 1950களில் நியூயார்க்கில் தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடிய பெண். கார்ட்டூன் படங்கள் எடுத்த ஜீன் டீச் என்ற நண்பர் தன் வீட்டில் அவர் பாடல்களை நாடாவில் பதிந்துவைத்தார். எந்த நிறுவனமும் அவற்றை வெளியிடவில்லை. 1974இல், ஐம்பது வயதில், குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதிவிட்டு, காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் திரும்பவே இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 2004இல், ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்த டீச் பழைய நாடாவிலிருந்து ஒரே ஒரு பாட்டைப் போட்டார். அதைக் கேட்ட ஓர் இளைஞருக்கு அது மனத்தைவிட்டுப் போகவில்லை. அவரும் நண்பரும் சேர்ந்து மிஞ்சிய பதிவுகளைத் தேடித் திரட்டி 2009இல் ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள். டீச் அந்த நாடாவை அரை நூற்றாண்டு பத்திரப்படுத்தியிருக்காவிட்டால், வானொலியில் அதைப் போட்டபோது கானியின் பெயரைச் சொல்லியிருக்காவிட்டால், இன்று நமக்கு எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, பலன் சம்பந்தப்பட்டவர் கைக்கே வந்து சேர்ந்ததும் உண்டு. ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யன் 1970இல் ஓர் ஆல்பம் போட்டார், யாரும் சீண்டவில்லை, இசையையே விட்டுவிட்டார். 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தன் பெயரையே தேடிப் பார்த்தபோது, முன்பின் தெரியாதவர்கள் அந்தத் தட்டைத் தேடி அலைந்துகொண்டிருப்பது தெரிந்தது. 2000இல் அது மறுபடி வெளியானது. 2005இல் அடுத்த ஆல்பம். இரண்டுக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள்.

இந்தக் கதைகளால் நான் பகிரும் முறையே மாறிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் அனுப்புவேன். நாற்பது பாட்டுகளின் பட்டியலை யாரும் திறப்பதில்லை. யார் எழுதியது, யார் வாசித்தது, எந்த வருடம் என்று இரண்டு வரி. எந்த நிமிடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. கலைஞருக்குப் பணம் போகிற இடத்தின் சுட்டி. "பெண் என்பதால் கேளுங்கள்" என்று எழுதுவதே இல்லை. அமெரிக்கப் பாடகியும் கிட்டார் கலைஞருமான ரொசெட்டா தார்ப் 1964இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலைய மேடையில், மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில், கோட்டைப் போட்டுக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரை முழங்கவிட்ட காணொளியை அனுப்பும்போது நான் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? பார்த்தவர்கள் தாங்களாகவே "யார் இவர்? இத்தனை நாள் எங்கே இருந்தார்?" என்று கேட்கிறார்கள். அவர் 1930களிலிருந்தே இருந்தார். 1973இல் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை, பல ஆண்டுகள் கழித்துத்தான் வைத்தார்கள் என்று அப்போது சொல்கிறேன். இசை முதலில் போய்ச் சேரட்டும், கதை பின்னால் வரட்டும்.

அடுத்து அனுப்ப எடுத்து வைத்திருப்பது எமஹோய் செகே மரியம் கெப்ரு. எத்தியோப்பியக் கன்னிகாஸ்திரி, 1923இல் பிறந்து 2023இல் ஜெருசலேமில் மறைந்தவர். மெட்டும் அவருடையது, பியானோவும் அவருடையது. முதல் தட்டு 1967இல் ஜெர்மனியில் வந்தது. 2006இல் 'எத்தியோபீக்' என்ற எத்தியோப்பிய இசைத் தொகுப்பு வரிசையின் 21ஆம் பாகமாக அவர் வாசிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எடுத்த எடுப்பில் இது தேவாலய இசையா, ஜாஸா, மேற்கத்திய செவ்வியலா என்று குழப்பமாக இருக்கும். பெயர் வைக்க முயலாதீர்கள். இடது கை நிதானமாகக் காலம் காட்டிக்கொண்டிருக்க, வலது கை தன் போக்கில் கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் போய்வரும். முதல் தடவை இடது கையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.